தாத்தாவின் ஆர்மோனியம் கீபோர்டுக்குள் போன கதை



வீட்டிலோ பள்ளி இசையறையிலோ கீபோர்டு இருந்தால் இன்று ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். மனிதக் குரல் அல்லது புல்லாங்குழல் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் உள்ள ஒரு கட்டையை அழுத்துங்கள். பிறகு வலது ஓரத்துக் கடைசிக் கட்டை, இடது ஓரத்து முதல் கட்டை என்று அழுத்திக் கேளுங்கள். நடுவில் உண்மையான குரலாகவே ஒலிப்பது, விலை குறைந்த கீபோர்டுகளில் வலது ஓரத்தில் கார்ட்டூன் அணிலின் குரலாகிவிடும். இடது ஓரத்தில் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் இழுக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், ஓர் உண்மையான இசைக்கருவியின் ஒலியைப் பதிவு செய்து அதைக் கீபோர்டின் கட்டைகளில் பரப்பும் முறை உங்களுக்குப் புரிந்துவிடும். இதைச் 'சாம்பிளிங்' என்கிறார்கள். படிவம் நான்கு இயற்பியலில் வரும் அலைகள் பாடத்தின் பாதி இதற்குள் இருக்கிறது.

(கட்டை என்றே எழுதுகிறேன். 'விசை' என்று எழுதினால் நியூட்டனின் விசையோடு குழம்பிவிடும். ஆர்மோனியம் வாசிப்பவர்களும் கட்டை என்றுதான் சொல்வார்கள்.)

எங்கள் கழகத்துக்கு வந்த பெட்டி

கடந்த ஆண்டு எங்கள் அறிவியல் கழகத்துக்கு ஒரு மாணவி பழைய ஆர்மோனியம் ஒன்றைக் கொண்டுவந்தார். தோட்டத்துக் கோயிலில் புரட்டாசி சனிக்கிழமை பஜனைகளுக்கு அவருடைய தாத்தா வாசித்தது. தோட்டத்து மக்கள் வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தாத்தாவும் இப்போது இல்லை. பெட்டியின் துருத்தி ஒழுகுகிறது. ஒரு கட்டை பேசவே இல்லை. மற்றவையும் இன்னும் எத்தனை நாள் பேசும் என்று தெரியாது.

மாணவியின் ஆசை எளிமையானது. தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில், அதே பெட்டியின் ஒலியில், தன் கீபோர்டில் பாட்டிக்கு ஒரு பஜனைப் பாடல் வாசிக்க வேண்டும்.

அவர் தானாகவே முதல் முயற்சி செய்திருந்தார். நடுக் கட்டை ஒன்றை மட்டும் கைப்பேசியில் பதிவு செய்து, கணினியில் போட்டு, 61 கட்டைகளுக்கும் பரப்பிவிட்டார். பாட்டி கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "இது உன் தாத்தா பெட்டி மாதிரி இல்லையேம்மா."

பாட்டி சொன்னது சரி. எங்கே தவறு நடந்தது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஒலி எப்படி எண்ணாகிறது?

ஆர்மோனியத்தில் காற்று பித்தளை நாக்குகளை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வு காற்றில் அழுத்த அலையாகப் பரவுகிறது. மைக்ரோஃபோன் அதை மாறிக்கொண்டே இருக்கும் மின்னழுத்தமாக மாற்றுகிறது. கணினிக்கோ எண்கள் மட்டுமே புரியும். ஆகவே அந்த மின்னழுத்தத்தைக் குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் அளந்து எழுதிக்கொள்கிறது. குறுவட்டுத் தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவீடும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஒன்று.

ஏன் இவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும்? கிள்ளான் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே கடல் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. நீங்கள் தினமும் காலை 8 மணிக்கு மட்டும் போய் நீர்மட்டத்தை எழுதி வந்தால் என்ன தெரியும்? நேற்றைக்கும் இன்றைக்கும் சிறிய வேறுபாடுதான் இருக்கும். 'இந்தக் கடல் ஏறி இறங்க இரண்டு வாரம் ஆகிறது' என்று தவறாக முடிவு செய்வீர்கள். அளவீடு தவறில்லை. அளந்த இடைவெளிதான் போதவில்லை.

ஒரு அலையைச் சரியாகப் பிடிக்க வேண்டுமானால், அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் அளக்க வேண்டும். ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் ஆகியோரின் ஆய்வுகளிலிருந்து வந்த விதி இது. இளம் வயதினரின் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 20,000 ஐ இரண்டால் பெருக்கினால் 40,000. அதற்குச் சற்று மேலே 44,100. இப்போது அந்த எண் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதல்லவா?

கீபோர்டு அனுப்புவது ஒலி அல்ல

கணினியோடு இணைத்த கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தும்போது இணைப்புக் கம்பியில் ஒலி போவதில்லை. மூன்று சிறு எண்கள் போகின்றன. கட்டை அழுத்தப்பட்டது என்ற செய்தியும் அது எந்தத் தடத்துக்கு என்பதும் முதல் எண். எந்தக் கட்டை என்பது இரண்டாவது. எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பது மூன்றாவது. இது 1983 இல் அறிமுகமான 'மிடி' என்ற பொது முறை. எந்த நிறுவனத்தின் கீபோர்டும் எந்த நிறுவனத்தின் கருவியோடும் பேச முடிவது இதனால்தான்.

மிடியில் நடு 'சி' கட்டையின் எண் 60. அதற்கு வலப்புறம் ஒவ்வொரு கட்டைக்கும், கறுப்புக் கட்டையையும் சேர்த்து, ஒன்று கூடும். 61 கட்டைக் கீபோர்டு வழக்கமாக 36 இல் தொடங்கி 96 இல் முடியும். 440 ஹெர்ட்ஸ் 'ஏ' சுரத்தின் எண் 69.

வேகத்தை எப்படி அளக்கிறது? பெரும்பாலான கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு தொடர்பு முனைகள் உள்ளன. கட்டை இறங்கும்போது முதல் முனை முதலிலும் இரண்டாவது சற்றுப் பின்னும் தொடும். இடைப்பட்ட நேரம் குறைந்தால் வேகம் அதிகம். தொலைவு வகுத்தல் நேரம் என்ற உங்கள் பழைய சூத்திரமேதான்.

இந்த எண்களைப் பெற்றுக்கொண்டு, உரிய பதிவை எடுத்து ஒலிக்கச் செய்யும் கருவி அல்லது மென்பொருளுக்குச் 'சாம்ப்ளர்' என்று பெயர்.

ஒரே பதிவை இழுத்தால் என்ன ஆகும்?

நம் மாணவி பதிவு செய்தது 60 ஆம் கட்டை. நீளம் 6 விநாடி. 61 ஆம் கட்டையை அழுத்தினால் சாம்ப்ளர் என்ன செய்யும்? அதே பதிவைச் சற்று வேகமாக ஓட்டும். வேகம் கூடினால் அதிர்வெண் கூடும், சுரம் உயரும்.

எவ்வளவு வேகம்? ஒரு ஸ்தாயி உயர்ந்தால் அதிர்வெண் இரு மடங்காகும். ஒரு ஸ்தாயியில் 12 சம படிகள். ஒரே எண்ணை 12 முறை பெருக்கினால் 2 வர வேண்டும். அந்த எண் 1.0595. ஆகவே ஒரு கட்டை மேலே போக 1.0595 மடங்கு வேகம். மூன்று கட்டைக்கு 1.189 மடங்கு. 12 கட்டைக்கு 2 மடங்கு.

இப்போது 96 ஆம் கட்டைக்குப் போவோம். 60 இலிருந்து 36 படிகள், அதாவது மூன்று ஸ்தாயி. 2 × 2 × 2 = 8 மடங்கு வேகம். 6 விநாடிப் பதிவு 0.75 விநாடியில் முடிந்துவிடும். இடது ஓரத்து 36 ஆம் கட்டைக்கு 24 படிகள் கீழே. கால் பங்கு வேகம். அதே பதிவு 24 விநாடி ஓடும்.

நீளம் மாறுவது மட்டும் சிக்கல் என்றால் சமாளித்துவிடலாம். இன்னும் மூன்று சிக்கல்கள் உண்டு.

முதலாவது, பெட்டியின் குரல். ஆர்மோனியத்தின் மரப்பெட்டியும் அதன் உள்ளறைகளும் சில அதிர்வெண்களை ஒத்ததிர்வால் வலுப்படுத்துகின்றன. எந்தக் கட்டையை அழுத்தினாலும் பெட்டியின் அளவு மாறாது. ஆகவே அந்த வலுப்பெற்ற பகுதிகளும் இடம் மாறுவதில்லை. பதிவை வேகமாக ஓட்டினால் அவையும் சேர்ந்து மேலே நகர்கின்றன. காதுக்கு அது பாதி அளவுள்ள பொம்மைப் பெட்டியிலிருந்து வருவதுபோல் கேட்கும். மனிதக் குரல் அணில் குரலாவதும் இதனால்தான். நம் தொண்டையும் வாயும் சுருங்கிவிட்டதாகக் காது நினைக்கிறது.

இரண்டாவது, நடுக்கம். தாத்தாவின் பெட்டியில் ஒரு கட்டைக்கு இரண்டு நாக்குகள். இரண்டும் ஏறத்தாழ ஒரே சுரம்தான், ஆனால் மிகச் சிறிய வேறுபாடு உண்டு. ஒன்று 435 ஹெர்ட்ஸ், மற்றொன்று 437 ஹெர்ட்ஸ் என்றால், இரண்டும் சேரும்போது ஒலி விநாடிக்கு 2 முறை பெருகித் தணியும். இதை விம்மல் என்கிறோம். அதிர்வெண்களின் வேறுபாடே விம்மல்களின் எண்ணிக்கை. அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுப்பதே இந்த விம்மல்தான். பதிவை 8 மடங்கு வேகத்தில் ஓட்டினால் விநாடிக்கு 16 விம்மல். பஜனைப் பெட்டி மின்சார மணியாகிவிடும்.

மூன்றாவது, மங்கல். 44,100 அளவீட்டுப் பதிவில் அதிகபட்சம் 22,050 ஹெர்ட்ஸ் வரைதான் தகவல் இருக்கும். கால் பங்கு வேகத்தில் ஓட்டினால் அது 5,512 ஹெர்ட்ஸில் முடிந்துவிடும். அதற்கு மேல் எதுவும் இல்லை. போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும்.

பாட்டியின் காது இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டது.

முன்னோர்கள் என்ன செய்தார்கள்?

1963 இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 'மெல்லோட்ரான்' என்ற கருவி வந்தது. அதில் தலா 35 கட்டைகள் கொண்ட இரண்டு வரிசைகள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனித்தனியாக ஒரு காந்த நாடா. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு சுரமும் தனிப் பதிவு என்பதால் இழுக்கும் சிக்கலே இல்லை. ஆனால் ஏறத்தாழ 8 விநாடியில் நாடா முடிந்துவிடும். அதற்குமேல் அழுத்திப் பிடித்தாலும் ஒலி வராது.

1979 இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி இருவரும் 'ஃபேர்லைட்' என்ற கணினி இசைக்கருவியை வெளியிட்டார்கள். எண்களாகப் பதிவு செய்து கட்டைகளில் வாசிக்கும் முறைக்கு அது வழிகாட்டியது. தொடக்கத்தில் ஒரு குரலுக்கு அதில் 16 கிலோபைட் நினைவகம்தான் இருந்தது. ஏறத்தாழ ஒரு விநாடி ஒலிக்கே அது போதும். இன்று உங்கள் கைப்பேசியில் உள்ள ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

நினைவகம் குறைவாக இருந்த காலத்தில் ஒரே பதிவைப் பல கட்டைகளுக்கு இழுப்பது கட்டாயம். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் எத்தனை பதிவு போதும் என்று யோசித்துத்தான் தொடங்க வேண்டும்.

மூன்றுக்கு ஒன்று

தாத்தாவின் பெட்டியில் 37 கட்டைகள், மூன்று ஸ்தாயி. மிடி எண்ணில் சொன்னால் 48 முதல் 84 வரை. எல்லாவற்றையும் பதிவு செய்வதே சிறந்தது. ஆனால் துருத்தி ஒழுகியதால் ஒவ்வொரு கட்டையையும் சீராகப் பிடிக்கப் பலமுறை முயல வேண்டியிருந்தது. பழைய நாக்குகளை அதிகம் வதைக்கவும் மனமில்லை. ஆகவே மூன்று கட்டைக்கு ஒன்று என்று முடிவு செய்தோம்.

48, 51, 54, 57, 60 என்று 84 வரை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 13. ஒவ்வொரு ஸ்தாயியிலும் சி, டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ ஆகிய நான்கு சுரங்கள். ஒவ்வொரு பதிவும் தன் இடப்பக்கம் ஒரு கட்டை, வலப்பக்கம் ஒரு கட்டை ஆகியவற்றுக்கு மட்டும் உதவும். 51 ஆம் பதிவு 50, 51, 52 ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும். எந்த இடத்திலும் வேக மாற்றம் ஏறத்தாழ 6 விழுக்காட்டைத் தாண்டாது. அந்த அளவு மாற்றத்தைக் காது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

இதைச் சாம்ப்ளருக்குச் சொல்வதுதான் 'மேப்பிங்'. ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று எண்கள் கொடுத்தால் போதும்: மூலக் கட்டை எது, எந்தக் கட்டையிலிருந்து தொடங்க வேண்டும், எந்தக் கட்டையில் முடிய வேண்டும். மூலக் கட்டையைத் தவறாகக் கொடுத்தால் அந்தப் பகுதி முழுவதும் சுருதி விலகும். எங்கள் மாணவர்கள் ஒருமுறை 63 க்குப் பதில் 36 என்று தட்டிவிட்டு, ஏன் கிறீச்சிடுகிறது என்று அரை மணி நேரம் தேடினார்கள்.

பேசாத கட்டை 54. அதற்குப் பக்கத்தில் உள்ள 53 ஐப் பதிவு செய்து 53, 54, 55 மூன்றுக்கும் கொடுத்தோம். 55 க்கு மட்டும் இரண்டு படி இழுக்க வேண்டியிருந்தது. வேகம் 1.122 மடங்கு. கூர்ந்து கேட்டால் அந்த ஒரு கட்டையில் மட்டும் குரல் சற்றே சிறுத்திருப்பது தெரியும்.

48 க்குக் கீழும் 84 க்கு மேலும் உள்ள கட்டைகளை என்ன செய்வது? ஓரப் பதிவுகளை இழுத்து நிரப்பலாம். மாணவியோ, "தாத்தா பெட்டியில் அது இல்லையே, சார்" என்றார். பெட்டியில் இல்லாத ஒலியைப் பெட்டியின் ஒலி என்று சொல்வது சரியல்ல என்பது அவர் கருத்து. அந்தக் கட்டைகளை ஊமையாகவே விட்டோம்.

பதிவு செய்யும்போது கவனிக்க

மழை இல்லாத நாளாகப் பாருங்கள். காற்றாடி, குளிர்சாதனம் இரண்டையும் நிறுத்துங்கள். கைப்பேசியை ஒரே இடத்தில் நிலையாக வையுங்கள். எங்களுக்கு 30 சென்டிமீட்டர் தொலைவு சரியாக இருந்தது. பாதியில் இடம் மாற்றினால் கட்டைக்குக் கட்டை அறையே மாறியதுபோல் கேட்கும்.

ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி பதிவுச் செயலியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஒலியின் இயல்பான ஏற்ற இறக்கம் போய்விடும். அளவுகாட்டி உச்சியைத் தொடக் கூடாது. தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதைப் பிறகு ஒட்ட முடியாது. சுருக்கப்பட்ட எம்பி3 வடிவத்தைத் தவிர்த்து, 'வேவ்' வடிவத்தில் சேமியுங்கள்.

ஒவ்வொரு பதிவும் 6 விநாடி. 6 × 44,100 = 2,64,600 அளவீடுகள். ஓர் அளவீட்டுக்கு 2 பைட். ஆக 5,29,200 பைட். 13 பதிவுக்கு ஏறத்தாழ 6.9 மெகாபைட். ஒரு முதியவரின் பெட்டி அவ்வளவு இடத்தில் அடங்கிவிட்டது.

பிறகு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் உள்ள வெற்று நேரத்தை வெட்டுங்கள். முன்னால் கால் விநாடி மௌனம் இருந்தால், கட்டையை அழுத்திக் கால் விநாடி கழித்துத்தான் ஒலி வரும். தாளத்தோடு வாசிக்கவே முடியாது.

முடிவில்லாமல் ஒலிக்க ஒரு சுழல்

பதிவு 6 விநாடிதான். ஒருவர் 10 விநாடி அழுத்திப் பிடித்தால்? மெல்லோட்ரானைப் போல் நின்றுவிடக் கூடாது. ஆகவே பதிவின் நடுப்பகுதி ஒன்றைச் சுழலவிடுகிறோம். இதற்கு 'லூப்' என்று பெயர்.

எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது? அலையின் முடிவும் தொடக்கமும் ஒரே நிலையில் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று கேட்கும். 69 ஆம் கட்டையை எடுத்துக்கொள்வோம். நாக்குகள் 435, 437 ஹெர்ட்ஸ். 2 விநாடி சுழலில் ஒன்று 870 முறையும் மற்றொன்று 874 முறையும் முழுதாக அதிர்ந்திருக்கும். விம்மலும் சரியாக 4 முறை. எல்லாம் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கின்றன. இதையே 1.9 விநாடி என்று வெட்டினால்? 435 × 1.9 = 826.5. அரை அலை தொங்கி நிற்கும். டிக்!

உண்மையான பதிவில் எண்கள் இவ்வளவு அழகாக அமையாது. அப்போது முடிவுப் பகுதியை மெல்லத் தணித்து, தொடக்கப் பகுதியை மெல்ல ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியவிடுவார்கள்.

சுருதியைத் திருத்தலாமா?

இன்னொரு கேள்வியும் எழுந்தது. 69 ஆம் கட்டை 440 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். பெட்டியில் அது சராசரியாக 436. மற்ற கட்டைகளும் கீழே இறங்கியிருந்தன, ஆனால் ஒரே அளவில் இல்லை. ஒவ்வொன்றையும் கணினியில் துல்லியமாகத் திருத்திவிடலாம். அப்படிச் செய்தால் கடையில் வாங்கிய புதிய பெட்டியாகிவிடும். திருத்தாமல் விட்டால் மற்ற கருவிகளோடு சேராது.

எங்கள் மாணவர்கள் ஒரு நடுவழி கண்டார்கள். 13 பதிவுகளையும் ஒரே விகிதத்தில், 440 வகுத்தல் 436, அதாவது 1.0092 மடங்கு உயர்த்தினார்கள். கட்டைக்குக் கட்டை உள்ள சிறு வேறுபாட்டைத் தொடவில்லை. எனக்கு இது நல்ல முடிவாகத் தோன்றியது.

பதிவுக்குள் அடங்காதவை

டம்ளரை மெதுவாகத் தட்டுங்கள், பிறகு ஓங்கித் தட்டுங்கள். ஒலி பெரிதாவது மட்டுமல்ல, கூர்மையும் ஆகிறது. ஓங்கித் தட்டும்போது உயர்ந்த மேற்சுரங்கள் அதிகம் எழுகின்றன. பியானோவும் அப்படித்தான். அதனால்தான் நல்ல பியானோ சாம்பிள்களில் ஒரே கட்டைக்கு மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று பல பதிவுகள் இருக்கும். நீங்கள் அழுத்தும் வேகத்தைப் பார்த்துச் சாம்ப்ளர் உரியதை எடுக்கும். ஆர்மோனியத்தில் கட்டையை வேகமாக அழுத்துவதால் ஒலி கூடாது. துருத்திக் காற்றுதான் அதைத் தீர்மானிக்கிறது. ஆகவே எங்களுக்கு ஓர் அடுக்கே போதுமானதாக இருந்தது.

கமகம் வேறு செய்தி. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது வீணையில் கம்பியை இழுத்தால் வரும். கட்டைகளில் வராது. இந்தக் குறைக்காகவும் அதன் நிலையான சுருதிக்காகவும் அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971 இல்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது. வீணையின் சுரங்களைத் தனித்தனியே பதிவு செய்து கட்டைகளில் பரப்பினாலும் அதே குறை திரும்ப வரும். கீபோர்டின் இடப்புறம் உள்ள சுருதி வளைக்கும் சக்கரம் ஓரளவுக்குத்தான் உதவும்.

இன்னொன்று: பிறர் வாசித்ததைப் பதிவு செய்யும்முன் அவரிடமோ அவர் குடும்பத்திடமோ அனுமதி கேளுங்கள். ஒலியும் ஒருவருடைய உழைப்பு.

பாட்டி மீண்டும் கேட்டபோது

இரண்டாம் முறை பாட்டி சற்று நேரம் கேட்டார். "பெட்டி அதேதான்," என்றார். பிறகு, "காத்து விடுற சத்தம் எங்க?" என்று கேட்டாராம்.

துருத்தி மூச்சுவிடும் ஓசை, கட்டையை விடும்போது எழும் மெல்லிய 'டப்' ஓசை. அவற்றை நாங்கள் இரைச்சல் என்று எண்ணி வெட்டி எறிந்திருந்தோம். தொழில்முறையில் சாம்பிள் செய்பவர்கள் அவற்றையும் தனியாகப் பதிவு செய்து சேர்ப்பது வழக்கம். மறுநாள் மாணவி பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தார். கட்டை எதையும் அழுத்தாமல் துருத்தியை மட்டும் அசைத்துப் பதிவு செய்தோம். கட்டையை விடும் ஓசையைத் தனியே பதிவு செய்து, விரலை எடுக்கும்போது ஒலிக்குமாறு அமைத்தோம்.

நினைவு நாளில் மாணவி அந்தப் பாடலை வாசித்தார். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு பழைய கருவி மூலையில் கிடந்தால், அது பேசிக்கொண்டிருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டிப் பதிவு செய்யுங்கள். ஒலிப்பதிவு மென்பொருளில் அதைப் பிரதியெடுத்து, சுரமும் சேர்ந்து மாறும் வகையில் பின்வரும் மடங்கு வேகங்களில் ஓட்டி வரிசையாக வையுங்கள்: 1, 1.122, 1.260, 1.335, 1.498, 1.682, 1.888, 2. ச ரி க ம ப த நி ச கேட்கும். எந்தச் சுரத்தில் டம்ளர் 'டம்ளராக' இல்லாமல் போகிறது என்று எழுதிவையுங்கள். சத்தத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. 69 ஆம் கட்டையில் 6 விநாடிப் பதிவு உள்ளது. சுழல் இல்லாமல் 70 ஆம் கட்டையில் ஓட்டினால் எவ்வளவு நேரம் ஒலிக்கும்?

2. 60 ஆம் கட்டையின் அதிர்வெண் 261.6 ஹெர்ட்ஸ். அதே பதிவை 67 ஆம் கட்டைக்கு இழுத்தால் அதிர்வெண் என்ன?

3. இரு தடப் பதிவு, 4 விநாடி, 44,100 அளவீடு, 16 பிட். இப்படி 10 பதிவுகளுக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும்?

4. பெட்டியின் சுருதியை நீங்களாக இருந்தால் முழுவதும் திருத்தியிருப்பீர்களா? காரணம் கூறுங்கள்.

விடைகள்: (1) 6 ÷ 1.0595 = ஏறத்தாழ 5.66 விநாடி. (2) 261.6 × 1.498 = ஏறத்தாழ 392 ஹெர்ட்ஸ். (3) 4 × 44,100 × 2 × 2 × 10 = 70,56,000 பைட், ஏறத்தாழ 7.1 மெகாபைட். (4) இதற்கு ஒரே விடை இல்லை. வகுப்பில் நண்பர்களோடு விவாதியுங்கள்.